மஞ்சள் பஸ்ஸை மின்சாரத்துக்கு மாற்ற ஒப்பந்தம் போடப் போகிறீர்களா?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி கவுண்டி பள்ளி வாரியம் 326 மின்சாரப் பள்ளி பஸ்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த நாட்டில் அதுவரை எந்தப் பள்ளி மாவட்டமும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் போட்டதில்லை. பஸ்ஸை மாவட்டம் வாங்கவில்லை. ஹைலேண்ட் என்ற நிறுவனம் பஸ், சார்ஜர், மின்சாரம் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் ஏற்பாடு செய்யும். மாவட்டம் வருடா வருடம் கட்டணம் கட்டும். செய்தித்தாள்கள் கொண்டாடின.

2024 ஜூலையில் அதே கவுண்டியின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஓர் அறிக்கை வெளியிட்டார். (போலீஸ் அதிகாரி இல்லை, பொதுப்பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பவர்.) பஸ்கள் சொன்ன தேதிக்கு வரவில்லை. பிள்ளைகளை நடக்கவிட முடியாது என்பதால், மாவட்டம் சுமார் 1 கோடியே 47 லட்சம் டாலருக்கு டீசல் பஸ்களை வாங்கியிருந்தது. தாமதத்துக்கும் பழுதுக்கும் அபராதம் போடலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. வந்திருக்க வேண்டிய தொகை சுமார் 3 லட்சத்து 72 ஆயிரம் டாலர். அதை யாரும் கேட்கவே இல்லை.

புதிதாகப் பள்ளி வாரியத்துக்குத் தேர்வானவர்கள், மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்தில் இப்போதுதான் சேர்ந்தவர்கள், வாரியக் கூட்டத்தில் மூன்று நிமிடம் மைக் பிடிக்கப் போகும் பெற்றோர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு மாவட்டத்தின் பஸ் குழுவில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன். பள்ளி மாவட்டம் என்றதும் நம் ஊர் வருவாய் மாவட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் இப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு. சொத்து வரியில் ஒரு பங்கு பள்ளிக்குப் போகும். சிலவற்றில் பத்து பஸ், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல்.

முதலில் வழித்தடம், அப்புறம் பஸ்

கம்பெனிக்காரர்களைக் கூப்பிடும் முன் உங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் நான்கு எண்களை எழுதி வையுங்கள்: காலையில் எத்தனை மைல், மாலையில் எத்தனை மைல், நடுவில் பஸ் பணிமனையில் எத்தனை மணி நேரம் நிற்கிறது, கடந்த ஜனவரியில் மிகக் குளிரான காலையில் வெப்பநிலை என்ன.

ஒரு சாதாரண வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். காலை 35 மைல், மாலை 35 மைல், மொத்தம் 70. பெரிய மின்சாரப் பஸ் ஒரு மைலுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட் வரை குடிக்கும். 1.8 என்று வைத்தால் 126 யூனிட். சந்தையில் ஓடும் ஒரு பஸ்ஸின் பேட்டரி 155 யூனிட். கோடையில் கவலையே இல்லை. குளிர்காலத்தில் ஹீட்டரும் அதே பேட்டரியிலிருந்து இழுக்கும்போது கணக்கு உதைக்கும். ஆனால் பள்ளி பஸ்ஸுக்கு ஊர் பஸ்ஸுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை சும்மா நிற்கும். 19.2 கிலோவாட் சார்ஜரில் அந்த ஐந்து மணி நேரத்தில் 90 யூனிட்டுக்கு மேல் ஏற்றிவிடலாம். ஆக, பகலில் பணிமனைக்குத் திரும்பும் தடங்கள்தான் முதல் பட்டியலில் வர வேண்டும். வெளியூர் விளையாட்டுப் போட்டிக்குப் போகும் பஸ்ஸை இப்போதைக்கு டீசலிலேயே விடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பஸ் வகை பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். வேன் அடிச்சட்டத்தில் கட்டிய சின்னது ஏ வகை, மூக்கு நீட்டிய வழக்கமான மஞ்சள் பஸ் சி வகை, முன்பக்கம் தட்டையானது டி வகை. பெரும்பாலான மாவட்டங்களுக்கு வேண்டியது சி.

மின் நிறுவனத்துக்கு முதல் போன்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பஸ்ஸை ஆர்டர் செய்துவிட்டு, அது வரும் சமயத்தில் மின் இணைப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். பஸ் வந்து நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் வந்திருக்காது. பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பது இப்போது சர்வசாதாரணம். பணிமனைத் தரையைத் தோண்டி, குழாய் பதித்து, தெருவிலிருந்து கேபிள் இழுத்து, நகராட்சி அனுமதி வாங்கி முடிக்கும் வேலை பஸ் தயாரிப்பதைவிட நீளம்.

ஒரு சிறு கணக்கு. 30 பஸ்கள், ஒவ்வொன்றுக்கும் 19.2 கிலோவாட் சார்ஜர். மாலை ஐந்து மணிக்கு டிரைவர்கள் எல்லோரும் வந்து செருகிவிட்டு வீட்டுக்குப் போனால் ஒரே நேரத்தில் 576 கிலோவாட் இழுக்கும். அதே பஸ்களுக்கு ஆளுக்கு 90 யூனிட் வீதம் இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை பரவலாக ஏற்றினால் 340 கிலோவாட் கூட வேண்டாம். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு வைத்து ஆலை நடத்துபவர்களுக்கு இது உடனே புரியும். மாதத்தில் ஒரு முறை உச்சத்தைத் தொட்டாலும் அந்த உச்சத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அங்கும் அதே டிமாண்ட் சார்ஜ்தான். கிலோவாட்டுக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன வித்தியாசம் மாதத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல். பல பஸ்களின் டீசல் மிச்சத்தை இது ஒன்றே தின்றுவிடும்.

ஆகவே மின் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள்: இப்போதுள்ள இணைப்பு எத்தனை கிலோவாட் தாங்கும்? தெருப் பக்கத்து வேலையின் செலவை நீங்கள் ஏற்கும் திட்டம் உண்டா? (பல மாநிலங்களில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.) பஸ்களுக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறதா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். இன்று பத்து பஸ்ஸே வாங்கினாலும் குழாயை முப்பதுக்குப் பதித்துவிடுங்கள். தரையை இரண்டாம் முறை தோண்டும்போதுதான் அந்தச் செலவு தெரியும்.

பணக் கணக்கை மறைக்காமல் பாருங்கள்

விற்பனையாளர்கள் "டீசல் மிச்சத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும்" என்பார்கள். போட்டுப் பார்ப்போம். வருடம் 12,000 மைல் ஓடும் டீசல் பஸ், காலனுக்கு ஆறரை மைல் கொடுத்தால், சுமார் 1,850 காலன். காலன் மூன்றரை டாலர் என்றால் ஏறத்தாழ 6,500 டாலர். மின்சாரப் பஸ் அதே தூரத்துக்கு 21,600 யூனிட். யூனிட் 13 சென்ட் என்றால் 2,800 டாலர். மிச்சம் வருடத்துக்கு 3,700 டாலர். எஞ்சின் ஆயில், எக்ஸாஸ்ட் பில்டர் தொல்லை இல்லாததில் இன்னும் கொஞ்சம். டீசல் பஸ் ஒன்றரை லட்சம் டாலருக்குள் கிடைக்கும் இடத்தில் மின்சாரப் பஸ் மூன்றரை, நான்கு லட்சம் கேட்கிறது. பதினைந்து வருடம் ஓட்டினாலும் எரிபொருள் மிச்சம் மட்டும் அந்த இடைவெளியை அடைக்காது. மானியம் இல்லாமல் இன்றைய விலையில் இது கட்டுப்படியாகாது என்பதே என் கணிப்பு.

அப்படியானால் ஏன் மாற வேண்டும்? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் பஸ்களுக்கு நடுவே உங்கள் பிள்ளை நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சில மாநிலங்களில் சட்டமும் வந்துவிட்டது. நியூயார்க்கில் 2022-இல் போட்ட சட்டப்படி, 2027 ஜூலையிலிருந்து வாங்கும் புதிய பள்ளி பஸ் எல்லாம் புகையில்லாததாக இருக்க வேண்டும். 2035-க்குள் ஓடுபவை அனைத்தும். அவகாசம் கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவும் புதிதாக வாங்கும் பஸ்களுக்கு 2035 என்று தேதி குறித்திருக்கிறது. நியூயார்க்கில் பல மாவட்டங்களில் பஸ் வாங்குவதே மே மாத வாக்கெடுப்புக்குப் போகும். மக்கள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அந்த வருடத்துத் திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

மானியத்தில் பெரியது, 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றுச்சூழல் முகமைக்கு ஐந்து வருடத்துக்கு ஒதுக்கிய 500 கோடி டாலர். 2022-இல் நடந்த முதல் சுற்றில், முன்னுரிமை பெற்ற மாவட்டங்களுக்குப் பெரிய மின்சாரப் பஸ் ஒன்றுக்கு 3,75,000 டாலர் வரை கொடுத்தார்கள், சார்ஜருக்குத் தனியாக 20,000. அடுத்த சுற்றுகளில் தொகை குறைந்தது. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், நிபந்தனை உண்டு: பழைய டீசல் பஸ்ஸை அழிக்க வேண்டும். விற்றால் போதாது. எஞ்சின் பிளாக்கில் மூன்று அங்குலத்துக்கு ஓட்டை போட்டு, அடிச்சட்டத்தை அறுத்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் பணிமனை மெக்கானிக் ஒருவர் அந்த வேலையைச் செய்துவிட்டு அன்று மதியம் சாப்பிடவில்லை. பதினாறு வருடம் அவர் கையால் ஓட வைத்த எஞ்சின்.

மானியம் வந்தபடியே போய்விடவும் கூடும். கனரக மின்சார வண்டிக்கு 40,000 டாலர் வரை கிடைத்துவந்த மத்திய வரிச் சலுகையை 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்த வருடம் செப்டம்பர் 30-உடன் முடித்துவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போட்ட மாவட்டங்களுக்கு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அந்த அளவு ஓட்டை விழுந்தது. "எதிர்பார்த்த மானியம் வராவிட்டால் மாவட்டம் எந்த இழப்பீடும் இல்லாமல் விலகலாம்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வாங்குவதா, வாடகையா, முழுச் சேவையா

மூன்று வழிகள். சொந்தமாக வாங்கி நீங்களே சார்ஜர் போடுவது முதலாவது. பல மாவட்டங்கள் சேர்ந்து கூட்டாக டெண்டர் கோரும் அமைப்புகள் மூலம் வாங்கினால் காகித வேலை குறையும். மினசோட்டாவின் சோர்ஸ்வெல் அப்படி ஒன்று. மின்சாரம் தெரிந்த ஆள் உங்களிடம் இருந்தால் இதுவே மலிவு.

இரண்டாவது, பஸ்ஸையும் டிரைவரையும் தனியார் நிறுவனமே கொடுப்பது. ஓக்லாண்ட் அப்படித்தான் செய்தது. 2024-இல் ஸூம் என்ற நிறுவனம் அங்கே 74 மின்சாரப் பஸ்களை இறக்கியது. மாவட்டத்தின் பஸ் எல்லாமே மின்சாரம் என்று சொல்லிக்கொள்ளும் முதல் பெரிய அமெரிக்க மாவட்டமாக அது ஆனது.

மூன்றாவது மான்ட்கோமரி போல: டிரைவர் உங்களுடையவர், பஸ்ஸும் சார்ஜரும் அவர்களுடையவை. சென்னை வாசகர்களுக்கு இதன் சாயல் தெரிந்திருக்கும். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 மின்சாரப் பேருந்துகளும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சொந்தப் பேருந்துகள் இல்லை. தனியார் நிறுவனம் ஓட்ட, கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டுகிறது. முதலில் பெரிய பணம் போட வேண்டாம் என்பது இந்த வழியின் கவர்ச்சி. பத்துப் பன்னிரண்டு வருடம் கைகட்டி நிற்க வேண்டும் என்பது விலை. எந்த வழியானாலும் "அடுத்த வருட பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்படாவிட்டால் ஒப்பந்தம் முடியும்" என்ற பிரிவு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுப்பணத்தில் நடக்கும் அமைப்புக்கு அது கவசம்.

ஒப்பந்தத்தில் வரி வரியாகப் பார்க்க வேண்டியவை

எங்கள் குழுவில் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி மாதம் விடிவதற்கு முன், நாலே முக்கால் மணிக்கு, பணிமனையைப் பார்க்கப் போனேன். வரிசையாகப் பச்சை விளக்கு. பதினோராவது பஸ்ஸின் சார்ஜரிலும் பச்சைதான். டிரைவர் அம்மா ஏறிச் சாவி போட்டார். பேட்டரி 41 சதவீதம். இரவில் குளிரில் விறைத்த கேபிள் சரியாக உட்காராமல் நடுவில் துண்டித்திருக்கிறது. சார்ஜரைப் பொறுத்தவரை அது "தயார்". அவர் முணுமுணுத்துக்கொண்டே தன் சுருள் நோட்டில் தேதி, பஸ் எண், 41 என்று எழுதிவிட்டு, ஓரமாக நின்ற டீசல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதக் கடைசியில் நிறுவனம் அனுப்பிய அறிக்கையில் இயங்குநிலை 98 சதவீதம் என்று இருந்தது. பொய் இல்லை. அவர்கள் அளந்தது சார்ஜரை.

ஒப்பந்தத்தில் அளவுகோல் பஸ்ஸாக இருக்க வேண்டும். "பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் காலை 5:30-க்கு, ஒதுக்கிய பஸ் ஒவ்வொன்றிலும் குறைந்தது 90 சதவீத பேட்டரி; இல்லாவிட்டால் அது அன்று ஓடாத பஸ்" என்று பச்சையாக எழுதுங்கள். ஓடாத பஸ் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் என்று மாதக் கட்டணத்திலிருந்து தானாகவே கழிய வேண்டும். கேட்டால்தான் கழிக்கும் அபராதம் ஏட்டுச் சுரைக்காய். மான்ட்கோமரியில் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

பஸ் தாமதமானால் மாற்று வண்டியை யார் செலவில் கொண்டுவருவது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். பழுதானால் எத்தனை வேலை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், மெக்கானிக் எத்தனை மைலுக்குள் இருக்க வேண்டும் என்று குறியுங்கள். உயர் மின்னழுத்தப் பயிற்சி பெறாத உங்கள் மெக்கானிக் ஆரஞ்சு நிற கேபிளைத் தொடக்கூடாது. ஆகவே வெளியூர் ஆளுக்காகப் பஸ் வாரக்கணக்கில் நிற்கும். பயிற்சியை நிறுவனத்தின் செலவில் கேளுங்கள், பழுது கண்டறியும் மென்பொருளின் உரிமத்தையும் சேர்த்து.

மின் கட்டணத்தை நிறுவனமே கட்டும்படி செய்ய முடிந்தால் செய்யுங்கள். அப்போதுதான் உச்சத்தைக் குறைக்க அவர்களுக்கு அக்கறை வரும். நீங்கள் கட்டுவதானால், எத்தனை கிலோவாட்டுக்கு மேல் போனால் வித்தியாசம் அவர்கள் தலையில் என்று வரம்பு வையுங்கள்.

பேட்டரிக்கு வழக்கமாக எட்டு வருட வாரண்டி தருவார்கள். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண்ணைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், அந்த வாரண்டியைத் தருவது யார் என்பது. பேட்டரி தயாரித்துத் தந்த புரோடெரா 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கோரியது. பேட்டரிப் பிரிவை வோல்வோ வாங்கியதால் சமாளித்தார்கள். கனடாவின் கியூபெக்கில் மின்சாரப் பஸ் தயாரித்த லயன் எலக்ட்ரிக் 2024 டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. நிறுவனம் கைமாறிய பிறகு, அமெரிக்காவில் விற்ற பஸ்களின் வாரண்டி வெறும் காகிதமாகிவிட்டது. சின்ன மாவட்டங்கள் நடுத்தெருவில் நின்றன. விற்கும் டீலரோ, சேவை நிறுவனமோ வாரண்டிக்குத் தானும் பொறுப்பு என்று எழுதித் தராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

கடைசிப் பக்கத்தில் இருப்பதை முதலில் படியுங்கள்: ஒப்பந்தம் முடியும் நாளில் மண்ணுக்குள் இருக்கும் குழாயும் கேபிளும், மேலே இருக்கும் சார்ஜரும் யாருக்கு? "நிறுவனம் எடுத்துச் செல்லும்" என்று இருந்தால், அடுத்த டெண்டரில் உங்களுக்கு வேறு யாருமே கிடைக்க மாட்டார்கள்.

பஸ்ஸிலிருந்து மின்சாரம் விற்கும் ஆசை

எல்லா விளக்கப்படத்திலும் இது வரும். கோடை விடுமுறையில் சும்மா நிற்கும் பஸ்ஸின் பேட்டரியிலிருந்து மின்வலைக்குத் திருப்பி விற்கலாம். மாசசூசெட்ஸின் பெவர்லி நகரில் 2021 கோடையில் ஒரு பஸ் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பாய்ச்சி ஏறத்தாழ 3,000 யூனிட் கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் இருவழிச் சார்ஜருக்கு விலை அதிகம், மின் நிறுவனத்தின் திட்டம் வேண்டும், பேட்டரி வாரண்டி அதை அனுமதிக்க வேண்டும். வருமானப் பங்கு என்ன என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பட்ஜெட்டில் பூஜ்ஜியம் என்று போடுங்கள்.

கையெழுத்துக்குப் பிறகு

எல்லாப் பஸ்ஸையும் ஒரே வருடத்தில் மாற்றாதீர்கள். ஐந்தோ ஆறோ எடுத்து ஒரு முழுக் குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள். பழைய டீசலில் சிலவற்றை மானிய விதி அனுமதிக்கும் வரை கையில் வையுங்கள். டிரைவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பஸ்ஸே பிரேக் பிடிப்பது முதலில் விசித்திரமாக இருக்கும், அப்புறம் அதைத்தான் விரும்புவார்கள். புறப்படும் முன், பஸ் இன்னும் சார்ஜரில் இருக்கும்போதே உள்ளே சூடேற்றச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து மைல் வரை மிஞ்சும்.

அபராதக் கணக்குப் பார்ப்பது ஒரே ஓர் ஆளின் வேலை என்று பெயர் போட்டு நியமியுங்கள். போக்குவரத்து மேலாளர் வேண்டாம். அவருக்கு அந்த நிறுவனத்தோடு தினமும் பேசியாக வேண்டும், சண்டை போட மனம் வராது. கணக்குப் பிரிவில் ஒருவர் போதும். மாதா மாதம் அவர் கையில் இரண்டு தாள்: நிறுவனத்தின் அறிக்கை, டிரைவர்கள் எழுதிய பட்டியல். இரண்டும் ஒத்துப்போகாத வரிகளை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு வாரியத்தின் பொதுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இதற்குப் புது மென்பொருள் வாங்கலாமா என்று இரண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் அந்த டிரைவர் அம்மாவின் சுருள் நோட்டைப் போலவே நாற்பது நோட்டு வாங்கி, ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒன்றை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். பேனாவும் சேர்த்துத்தான்.